குழாயில் காற்று

வீடு கேட்டு நான் எழுதிய கடிதங்கள் மொத்தம் பன்னிரண்டு. முதல் பதினொன்றில் ஒரு வரி இருந்தது: 'என்னிடம் கூண்டில் வளரும் இரண்டு கினி பன்றிகள் உள்ளன, அவை கடிப்பதில்லை, கூண்டை விட்டு வெளியே வருவதும் இல்லை.' பன்னிரண்டாவது கடிதத்தில் அந்த வரியை விட்டுவிட்டேன். அந்த வீடுதான் கிடைத்தது.

கடிதம் எழுதுவது எனக்குப் புதிதல்ல. தண்ணீர் அலுவலகத்தில், வருகிற புகார்களுக்குப் பதில் எழுதும் மேசை என்னுடையது. 'தங்கள் தெருவில் தண்ணீர் வராதது எங்கள் கவனத்துக்கு வந்துள்ளது' என்று ஆரம்பித்து, எப்போது வரும் என்று சொல்லாமலே மரியாதையாக முடிக்கத் தெரிந்தவன் நான். ஒரு வரியை விட்டுவிடுவது பொய்யாகாது என்பது அந்த மேசையில் பதினாறு வருஷம் உட்கார்ந்ததில் எனக்கு வந்த நம்பிக்கை.

அதற்கு முன்னால் உள்ளதைச் சொல்லிப் பார்க்காமலும் இல்லை. கடிதம் கிடைத்த ஒரு வீட்டுக்காரர் போனில் கேட்டார்.

"பன்னின்னு போட்டிருக்கீங்களே, எத்தனை கிலோ இருக்கும்?"

"ஒரு கிலோ சார்."

"குட்டியா? வளர்ந்தா என்ன ஆகும்?"

"வளர்ந்துதான் சார் ஒரு கிலோ."

"அப்ப எலின்னு சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

அவற்றை யாரிடமாவது கொடுத்துவிட்டு நிம்மதியாக வீடு தேடலாமே என்று அலுவலகத்தில் எல்லோரும் சொன்னார்கள். முடியாது. காரணம் என் மகள்.

நானும் என் மனைவியும் பிரிந்து இரண்டு வருஷம். மகள் அம்மாவோடு இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அம்மாவின் ஸ்கூட்டரில் வந்து இறங்குவாள். மாலை ஆறு மணிக்கு அதே ஸ்கூட்டர் வாசலில் ஹாரன் அடிக்கும். வருவதும் வராததும் அவள் இஷ்டம் என்று ஏற்பாடு. பத்து வயதுப் பெண் கையில் இஷ்டத்தைக் கொடுத்துவிட்டு, யாருக்காக வருகிறாய் என்று கேட்கக் கூடாது. கேட்காமலே எனக்குத் தெரியும். அம்மா குடியிருக்கும் அடுக்குமாடியில் பிராணிகளை விடமாட்டார்கள். அதனால் அவை என்னிடம் இருந்தன. அவை என்னிடம் இருந்ததால் அவள் வந்தாள்.

பெயர் வைத்ததும் அவள்தான். பருமனாக, ஒரே இடத்தில் உட்கார்ந்து எல்லோரையும் முறைத்துப் பார்ப்பது மேனேஜர். எப்போதும் எதையோ மென்றுகொண்டு, தலையை ஆட்டி ஆட்டிக் கவலைப்படுவது கேஷியர்.

கிடைத்த வீடு ஒரு மாடிப் பகுதி. ஒரு அறை, ஒரு சமையலறை, பின்பக்கம் ஒரு பெரிய ஜன்னல். கீழே வீட்டுக்காரரும் அவர் மனைவியும். அவர் டிரைவிங் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கே அவர் மாஸ்டர். மனைவி தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவர். நான் அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

சாவி கொடுக்கும்போது அக்கா ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னார்.

"அவருக்கு நெஞ்சு சரியில்ல தம்பி. வீசிங். நாய், பூனை எதுவும் வேண்டாம். மத்தபடி உங்க வீடு மாதிரி இருந்துக்குங்க."

"சரிக்கா" என்றேன்.

எந்த விஷயத்தையும் வரிசையாக யோசிப்பவன் நான். நாய் இல்லை, பூனை இல்லை. அவை கூண்டில் இருக்கும். படி இறங்கிக் கீழே போகாது. மாஸ்டர் மூச்சு வாங்குவதால் படியேறி மேலே வரமாட்டார். ஆக, இருவருக்கும் இடையில் ஒரு கான்கிரீட் தளம் இருக்கிறது. இப்படி யோசித்து, 'புத்தகங்கள் - கவனம்' என்று எழுதிய அட்டைப்பெட்டியில் மேனேஜரையும் கேஷியரையும் வைத்து, அக்கா கண்ணெதிரிலேயே மேலே கொண்டுபோனேன்.

கினி பன்றிகள் குரைக்காது, கத்தாது. ஆனால் பிளாஸ்டிக் கவர் சலசலத்தால் போதும், கீரை வந்துவிட்டது என்று நினைத்து இரண்டும் முன்னங்காலைக் கம்பியில் வைத்து எழுந்து நின்று விசிலடிக்கும். சின்ன உடம்புக்கு நம்ப முடியாத சத்தம். அதனால் எங்கள் வீட்டில் கவர் என்பதே கிடையாது. கடையிலிருந்து எல்லாம் துணிப்பையில்தான் வரும். தவறி ஏதாவது கவரில் வந்துவிட்டால், மகள் அதை இரண்டு விரலால் பிடித்து, மூச்சை அடக்கி, சத்தமில்லாமல் பிரிப்பாள். அதில் அவள் கெட்டிக்காரி. "நான் திருடியா போனா யாராலயும் பிடிக்க முடியாதுப்பா" என்பாள்.

ஒருமுறை நானே கவனமில்லாமல் ரொட்டிக் கவரைக் கசக்கிவிட்டேன். மறுநாள் படிக்கட்டில் அக்கா நிறுத்தினார்.

"நேத்து மேல ஏதோ விசில் சத்தம் கேட்டுதே தம்பி?"

"குழாய்ல காத்து அடைச்சிருக்கும்க்கா. தண்ணி நின்னு வந்தா அப்படித்தான் கத்தும். எங்க ஆபீசுக்கே இதுபத்தி நிறைய புகார் வரும்."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அவர் போய்விட்டார். அன்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இனி புல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவற்றின் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். நாள் முழுக்கக் காய்ந்த புல்லை மென்றால்தான் தேயும். வாரத்துக்கு ஒரு கட்டு வாங்குவேன். "உதறிட்டுக் குடுங்க. புல்லுத் தூசி இதுங்க நெஞ்சுக்கு ஆகாது. ரொம்ப மெல்லிசான நுரையீரல்" என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். அதைக் கேட்ட நாளிலிருந்து உதறுவது மகளின் வேலை. ஞாயிறு வந்ததும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராகப் பின் ஜன்னலுக்குப் போவாள். கைப்பிடி கைப்பிடியாக எடுத்து, கையை வெளியே நீட்டி, நன்றாக உதறுவாள். அறைக்குள் ஒரு துளி தூசி விழ விடமாட்டாள். ஒரு கட்டு முடிய அரைமணி நேரம் ஆகும். பிறகு முகர்ந்து பார்த்து, "இப்ப மேனேஜருக்குத் தும்மல் வராது" என்று சான்றிதழ் கொடுப்பாள்.

அது முடிந்ததும் கீழே ஓடுவாள். பின் ஜன்னலுக்கு நேர் கீழே மாஸ்டரின் அறை. அவரும் ஜன்னலோரம் நாற்காலி போட்டுத்தான் உட்கார்ந்திருப்பார், காற்று வேண்டுமே. அங்கே அவளுக்கும் அவருக்கும் ஒரு விளையாட்டு. ஒரு எவர்சில்வர் தட்டுதான் ஸ்டியரிங். அவள் லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரி. அவர் ஓட்டத் தெரியாதவர்.

"வண்டிய எடுங்க."

"எடுத்துட்டேன் மேடம்."

"கண்ணாடி பார்த்தீங்களா?"

"பார்த்தேன் மேடம். தலை நல்லா வாரியிருக்கேன்."

"ஃபெயில். அடுத்த வாரம் வாங்க."

"மேடம், முப்பத்தோரு வருஷமா வண்டி ஓட்டுறேன்."

"அப்ப முப்பத்தோரு வருஷமா ஃபெயில்."

மேலே சமைத்துக்கொண்டே இதைக் கேட்பேன். மாஸ்டர் சிரிப்பார், சிரிப்பு இருமலாக மாறும், இருமல் முடிந்ததும் மறுபடி டெஸ்ட் நடக்கும். "அவரைத் தாத்தான்னு கூப்பிடு, என்னை மட்டும் ஆன்ட்டின்னு கூப்பிடு" என்று அக்கா அவளிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தார். மகளும் அதை மீறியதில்லை.

நாங்கள் குடிவந்து மூன்றாவது மாதம் மாஸ்டரின் இருமல் அதிகமானது. இன்ஹேலரை ஒரு தடவைக்கு மேல் எடுக்க வேண்டிய நாட்களில் அக்கா காலண்டரில் வட்டம் போடுவார். வட்டங்கள் பெரும்பாலும் ஞாயிறும் திங்களுமாக விழுந்தன.

மாஸ்டருக்குக் காரணம் தெரிந்திருந்தது. "ஞாயித்துக்கிழமை உன் பொண்ணோட வாயடிக்கிறேன் பாரு, அதான். பேசினா மூச்சு வாங்குது. ஆனா பேசாம எப்படி லைசென்ஸ் வாங்குறது?"

அக்கா அதை ஏற்கவில்லை. வீட்டில் எங்கோ தூசி இருக்கிறது என்றார். ஒரு சனிக்கிழமை நாங்கள் மூன்று பேரும் தூசியை வேட்டையாடினோம். மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து, "ரிவர்ஸ் எடு, லெஃப்ட்ல ஒடி" என்று கட்டளை போட்டார். பஞ்சு மெத்தையை நான்தான் தோளில் தூக்கி வெளியே கொண்டுபோனேன். தரைவிரிப்பைச் சுருட்டினேன். அவர் ஜன்னலின் கனமான திரைகளைக் கழற்றி அக்கா கையில் கொடுத்தேன். "நல்ல மனசு தம்பி உங்களுக்கு" என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே போய், பழைய புல்லை எடுத்துப் போட்டுவிட்டுப் புதுப் புல் வைத்தேன். அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இதை எத்தனை தடவை எழுதிப் பார்த்தாலும் அப்படித்தான் வருகிறது. எனக்குத் தோன்றவில்லை.

திரை போன பிறகு வட்டங்கள் கூடின.

அதற்கு அடுத்த வாரம், ஒரு புதன்கிழமை மாலை, கதவு தட்டும் சத்தம் கேட்டது. கூண்டின் மேல் போர்வையை இழுத்துவிட்டுத் திறந்தேன். அக்கா. கையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் கவர்.

"உங்க பின் ஜன்னல் மொட்டையா இருக்கே தம்பி. எங்க திரைய ரெண்டு தண்ணில துவைச்சு வச்சேன். பாப்பா வந்தா வெயில் மூஞ்சில அடிக்காம இருக்கும்."

நான் கையை நீட்டுவதற்குள் அவர் கவருக்குள் கையை விட்டார். அது சலசலவென்று சத்தம் போட்டது.

போர்வைக்குள்ளிருந்து இரண்டும் ஒரே நேரத்தில் விசிலடித்தன.

அக்கா கையைக் கவருக்குள்ளேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"குழாய்ல காத்தா தம்பி?"

அவர் உள்ளே வந்து போர்வையைத் தூக்கினார். மேனேஜர் அவரை முறைத்தது. கேஷியர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கவரையே பார்த்தது.

"எலியா?"

"கினி பன்றிக்கா. என் பொண்ணோடது."

"எத்தனை மாசமா?"

"வந்த நாள்லருந்து."

"புத்தகங்கள்" என்றார் அவர், அந்தப் பெட்டி ஞாபகம் வந்தவராக. திட்டப்போகிறார் என்று நின்றேன். அவர் கண் கூண்டை விட்டுப் புல்கட்டுக்குப் போனது. குனிந்து ஒரு கைப்பிடி எடுத்தார். விரலில் ஒட்டிய பச்சைத் தூளைப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தார். நானும் பின்னால் போனேன். கீழ் ஜன்னலின் சன்ஷேடில் காய்ந்த புல் துணுக்குகள் மெத்தை மாதிரி கிடந்தன. அதற்குக் கீழே, திரையில்லாத ஜன்னலிலிருந்து வெளியே நீட்டியிருந்த மாஸ்டரின் கை தெரிந்தது. கேட்டுக்கொண்டிருந்த பாட்டுக்கு அவர் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"இங்க யாரு உதறுவாங்க?" என்று அக்கா மெதுவாகக் கேட்டார்.

"பாப்பா."

"ஞாயித்துக்கிழமையா?"

"ஆமாக்கா. தூசி அதுங்க நெஞ்சுக்கு ஆகாதுன்னு டாக்டர் சொன்னார். அதான் வெளிய உதறச் சொன்னேன்."

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். புல்லைக் கீழே போடவும் தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"நான் காலி பண்ணிடுறேன்க்கா."

"எதுக்கு? போற இடத்துல இன்னொருத்தர் தலைல உதறவா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்க இருங்க. இதுங்க போகட்டும், ஞாயித்துக்கிழமைக்குள்ள. ரெண்டு விஷயம் சொல்றேன் தம்பி, கேட்டுக்குங்க. அவர்கிட்ட சொல்லாதீங்க. சொன்னா, 'பாவம், குழந்தை ஆசையா வச்சிருக்கு, இருந்துட்டுப் போகட்டும்'பார். அப்படியே இருமிக்கிட்டு உட்கார்ந்திருப்பார். அவர் புத்தி அப்படி. பாப்பாகிட்டயும் சொல்லாதீங்க. தாத்தாவுக்கு இப்படி ஆனது தன் கையாலன்னு அந்தக் குழந்தைக்கு எதுக்குத் தெரியணும்?"

"அப்ப அவகிட்ட என்னன்னு சொல்றது?"

"வீட்டுக்காரங்க வேண்டாம்னுட்டாங்கன்னு சொல்லுங்க. அது நிஜந்தானே."

போகும்போது திரையை மடித்துக் கட்டில்மேல் வைத்தார். கவரை மட்டும் சத்தமில்லாமல் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டார்.

எங்கள் அலுவலகத்தின் பம்ப் ஆபரேட்டர் ஊருக்கு வெளியே, நீரேற்று நிலையத்துக் குடியிருப்பில் இருக்கிறார். முயல் வளர்க்கிறவர். வெள்ளிக்கிழமை அங்கே கொண்டுபோய்விட்டேன். இரண்டு பக்கத்துக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன்: தினமும் குடைமிளகாய் ஒரு துண்டு, புல் எப்போதும் இருக்க வேண்டும், இரண்டையும் பிரிக்கக் கூடாது. ஏழாவது குறிப்பு: 'கவர் சலசலத்தால் கூப்பிடும். கையில் தீனி இல்லாமல் சலசலக்க வேண்டாம். ஏமாந்துபோகும்.' அவர் படித்துவிட்டு, "கல்யாணம் பண்ணிக் குடுக்கிற மாதிரி எழுதியிருக்கீங்க சார்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஞாயிறு பத்து மணிக்கு மகள் வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஜன்னல் பக்கம் போனவள், பாதியில் நின்றாள். கூண்டு இருந்த மூலையில் தரை மட்டும் சதுரமாக வெளுத்துத் தெரிந்தது.

"எங்கப்பா?"

சொன்னேன். பம்ப் ஆபரேட்டர் வீடு, பெரிய கொட்டகை, முயல்கள், எப்போது வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம் என்று வரிசையாகச் சொன்னேன். அவள் எதையும் காதில் வாங்கவில்லை.

"ஏன்?"

"கீழ தெரிஞ்சிருச்சு கண்ணு. வீட்டுக்காரங்க வேண்டாம்னுட்டாங்க."

"தாத்தாவுமா?"

இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தால் அவரையாவது காப்பாற்றியிருப்பேன். ஆனால் அடுத்த கேள்வி 'அப்ப தாத்தாகிட்ட கேட்கலாமா' என்றுதான் வரும். அவள் போய்க் கேட்பாள். அவர் சரி என்பார்.

"தாத்தாவும்தான்" என்றேன்.

அவள் அழவில்லை. திரையை விலக்கி வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வீடு கேட்டு லெட்டர் எழுதினியே, அதுல இதுங்க இருக்குன்னு எழுதலையா?"

"எழுதியிருந்தா இந்த வீடு கிடைச்சிருக்காதும்மா."

"கிடைக்காட்டி என்ன?"

பதினாறு வருஷமாகப் பதில் எழுதுகிறேன். அவளிடம், சாப்பிடுறியா என்று மட்டும் கேட்டேன்.

மதியம் கீழேயிருந்து தட்டில் டொக் டொக் என்று தட்டும் சத்தம் வந்தது. "மேடம், வண்டிய எடுத்துட்டேன், யாரையும் காணோமே" என்றார் மாஸ்டர். மகள் கணக்கு நோட்டை விரித்து வைத்து, தலையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஆறு மணிக்கு ஹாரன் சத்தம் கேட்டு இறங்கிப் போனபோது, அவர் மடியில் தட்டோடு வாசல் நாற்காலிக்கு வந்திருந்தார். "மேடம், இன்னைக்கு டெஸ்ட் இல்லையா?" என்று எழுந்து நின்று கேட்டார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவரைத் தாண்டிப் போய் ஸ்கூட்டரில் ஏறினாள்.

"நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா தம்பி?"

"இல்ல மாஸ்டர். பரீட்சை வருது, அந்த நினைப்பு."

கதவுக்குப் பின்னால் அக்கா நின்றிருந்தார். எல்லாவற்றையும் பார்த்தார். மாஸ்டர் உள்ளே போன பிறகு என்னிடம், "சின்னவதானே. கோபம் எங்க மேலயே இருக்கட்டும்" என்றார்.

அடுத்த ஞாயிறு வந்தாள். அதற்கு அடுத்தது வரவில்லை. பிறகு பரீட்சை நிஜமாகவே வந்தது. அதன் பின் தோழியின் வீடு, பல் டாக்டர், லேசான காய்ச்சல். பம்ப் ஆபரேட்டர் வீட்டுக்குப் போகலாமா என்று போனில் இரண்டு தடவை கேட்டேன். "போய் என்னப்பா பண்றது? திரும்பி வரணுமே" என்றாள்.

கடைசியாக வந்தது போன மாதம். வரும்போது கொய்யாப்பழம் வாங்கி வந்தாள். கவரில்தான் கொடுத்திருந்தார்கள். மேசைமேல் வைத்து, பழைய பழக்கத்தில் இரண்டு விரலால் பிடித்து, மூச்சை அடக்கி, சத்தமில்லாமல் பிரித்தாள். பழங்களை எடுத்து அடுக்கினாள். அப்புறம் காலியான கவரைப் பார்த்தாள். அதை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துக் கசக்கினாள். நன்றாக, ரொம்ப நேரம் கசக்கினாள். வெளுத்த அந்தச் சதுரத்தின் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு கவரைக் குப்பையில் போட்டுவிட்டு, "அம்மாவ சீக்கிரம் வரச் சொல்லட்டுமாப்பா?" என்று கேட்டாள். சரி என்றேன்.

மாஸ்டரின் இருமல் நன்றாகக் குறைந்திருக்கிறது. இந்த மாதக் காலண்டரில் இரண்டே வட்டங்கள்தான். சன்ஷேடை நானே ஈரத்துணியால் துடைத்துக் கழுவிவிட்டேன். நேற்று ஞாயிறு. படியிறங்கும்போது என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். முகம் தெளிந்திருந்தது.

"நான் சொன்னேன்ல? இவ தூசி, மெத்தைன்னு வீட்டையே காலி பண்ணினா. காரணம் அதில்ல. வாயடிக்கிறதுதான். இப்ப பாரு, பாப்பா வர்றதில்ல, பேச்சுக் குறைஞ்சிருச்சு, இருமலும் போயிருச்சு. என் கணக்குச் சரியா வந்துச்சா இல்லையா?"

அக்கா உள்ளே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். சத்தம் நின்றது.

"சரிதான் மாஸ்டர்" என்றேன்.

"ஆனா ஒண்ணு" என்று அவர் ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்திருந்த தட்டை எடுத்து, வேட்டியால் துடைத்து, மறுபடி அங்கேயே வைத்தார். "கடைசியா வச்ச டெஸ்ட்டுக்கு ரிசல்ட் சொல்லாமலே போயிட்டா. பாஸா ஃபெயிலான்னு போன்ல கேட்டுச் சொல்லு தம்பி."

"கேட்டுச் சொல்றேன் மாஸ்டர்."